நேவிகேஷன் திரையில் 40/15, எக்ஸ்ரேயில் 42/22: எங்கே பிசகுது?

கெடிலக்கரை (கடலூர்):

வணக்கம். இடுப்பு மூட்டு மாற்றுக்கு சி.டி. ஸ்கேன் தேவைப்படாத நேவிகேஷன் (கேமராவும் கம்ப்யூட்டரும் வெச்சு பாகங்களோட கோணத்தை அளக்கற முறை) இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆரம்பமாகியிருக்கு. மிஷின் நிரந்தரமா கிடையாது, கேஸ் இருக்கிற அன்னைக்கு சென்னையிலேர்ந்து வண்டியில வரும். இலியாக் க்ரெஸ்ட்ல (இடுப்பெலும்போட மேல்விளிம்பு) ரெண்டு பின், தொடையில ஒரு டிராக்கர் (கேமரா பார்க்கிற உருண்டைகள் உள்ள குறி), ரெண்டு பக்க ஏ.எஸ்.ஐ.எஸ். (க்ரெஸ்ட்டோட முன்முனை), பியூபிஸ் (முன்பக்க இடுப்பெலும்பு) தொட்டு ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது எலும்பு எங்கே இருக்குன்னு மிஷினுக்குச் சொல்றது. சிமென்ட் இல்லாத கப் (இடுப்புக் குழியில உட்கார்றது), ஸ்டெம் (தொடை எலும்புக்குள்ள போற தண்டு). ஹெட் (ஸ்டெம் மேல மாட்டற உருண்டை), லைனர் (கப்புக்குள்ள வர்ற உறை) எல்லாம் மாடுலர், தனித்தனியா மாட்டறது. வர்றதுல பெரும்பாலானது ஏ.வி.என். (ரத்த ஓட்டம் நின்னு தொடைத்தலை எலும்பு செத்துப்போறது), 40லேர்ந்து 55 வயசு, எலும்பு கெட்டி.

மூணு சந்தேகம்.

ஒண்ணு, கப் போட்டு முடிச்சதும் திரை 40 டிகிரி இன்க்ளினேஷன் (கப்போட சரிவு), 15 டிகிரி ஆன்டிவெர்ஷன் (கப் முன்பக்கம் திறந்திருக்கிற கோணம்) காட்டுது. மறுநாள் எக்ஸ்ரேயில கப் விளிம்பு தெரியற நீள்வட்டத்தை அளந்தா ஒருத்தருக்கு 42/22, இன்னொருத்தருக்கு 39/9. திரையில ரெண்டு பேருக்கும் ஒரே எண்தான். எதை நம்பறது?

ரெண்டு, ட்ரையல் (சோதிச்சுப் பார்க்கற தற்காலிக பாகம்) போட்டா கால் நீளம் +6 மி.மீ., ஆஃப்செட் (தொடை எலும்பு இடுப்பிலேர்ந்து பக்கவாட்டில தள்ளி நிற்கிற தூரம்) −5 மி.மீ.னு வருது. குட்டை ஹெட் போட்டா ஆஃப்செட் இன்னும் போகுது, நெட்டை ஹெட் போட்டா நீளம் ஏறுது. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு ரெண்டு பக்கம் இடி.

மூணு, கழுத்தும் தனியா கழட்டி மாட்டற ஸ்டெம் இருக்கு, நேவிகேஷனோட சேர்த்தா ஆன்டிவெர்ஷனை கழுத்துலயே சரி பண்ணிக்கலாம்னு கம்பெனி ஆள் சொல்றார். அது தேவையா?


முத்தியால்பேட்டை_ஆர்த்தோ (புதுச்சேரி):

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது சொல்கிறேன். நீளமாகத்தான் வரும்.

உங்கள் 42/22 பிழையே இல்லாமல் இருக்கலாம். நீங்கள் தொட்ட நாலு புள்ளிகளிலிருந்து மிஷின் ஒரு தளத்தை உண்டாக்குகிறது: இரண்டு ஏ.எஸ்.ஐ.எஸ்., இரண்டு பியூபிக் ட்யூபர்க்கிள் (பியூபிஸ் மேல் உள்ள முண்டுகள்). இதுதான் முன் இடுப்புத் தளம். திரையில் வரும் 40/15 அந்தத் தளத்தை வைத்துச் சொன்னது. எக்ஸ்ரேயில் வருவதோ மேஜையை வைத்துச் சொன்னது. மேஜையில் படுக்கும்போது முன் இடுப்புத் தளம் மேஜைக்கு இணையாக இருக்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இடுப்பு 10 டிகிரி பின்னால் சாய்ந்திருந்தால், முன் தளத்தில் 40/15 ஆக உள்ள கப் எக்ஸ்ரேயில் 42/22 என்றே விழும். 8 டிகிரி முன்னால் சாய்ந்திருந்தால் 39/9. உங்கள் இரண்டு எண்களும் அச்சாக இதில் உட்கார்ந்துவிடுகின்றன. மனக்கணக்குக்கு ஒரு டிகிரி சாய்வுக்கு 0.7 டிகிரி ஆன்டிவெர்ஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சாய்ந்தால் கூடும், முன்னால் சாய்ந்தால் குறையும்.

மறுநாள் படத்தில் இந்தச் சாய்வு இன்னும் மோசமாக இருக்கும். வலியில் தொடை முழுசாக நீளாத ஆளின் காலை டெக்னீஷியன் அழுத்திச் சமப்படுத்தினால் இடுப்பு முன்னால் குனியும், ஆன்டிவெர்ஷன் குறைந்து தெரியும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் நேரெதிர். ஒரே ஆளின் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சேக்ரம் (முதுகுத்தண்டின் அடி எலும்பு) முடிகிற இடத்துக்கும் பியூபிக் சிம்ஃபிசிஸுக்கும் (இரு பியூபிஸ் எலும்பும் முன்னால் சேரும் இடம்) உள்ள தூரம் கூடியிருந்தால் முன்சாய்வு. அப்டுரேட்டர் துளைகள் (பியூபிஸுக்குக் கீழே உள்ள இரண்டு பெரிய துளைகள்) உயரமாகத் திறந்து தெரிந்தால் பின்சாய்வு. ஆறு வாரம் கழித்து, சிம்ஃபிசிஸை நடுவில் வைத்து எடுத்த முழு இடுப்புப் படத்தில் அளப்பதுதான் கணக்கில் சேரும்.

அடுத்தது வரையறை. இதை யாரும் பேசுவதில்லை. 1993இல் மரே என்ற ஆய்வாளர் மூன்று வகைக் கோணங்களைப் பிரித்து எழுதினார்: எக்ஸ்ரே கோணம், அறுவைக் கோணம், உடற்கூற்றுக் கோணம். ஒரே கப், அசையாமல் அதே இடத்தில் இருக்கும் கப், எக்ஸ்ரே வரையறையில் 40/15. அறுவை வரையறையில் 38/19. உடற்கூற்று வரையறையில் 42/23. யாரும் எந்தத் தப்பும் செய்யாமலே இவ்வளவு வித்தியாசம். உங்கள் மென்பொருள் எந்த வரையறையில் காட்டுகிறது என்று அமைப்புப் பக்கத்தில் பாருங்கள், இல்லாவிட்டால் கம்பெனி ஆளிடம் எழுத்தில் வாங்குங்கள். ‘ஸ்டாண்டர்டுதான் டாக்டர்’ என்ற பதிலை ஏற்க வேண்டாம்.

நீள்வட்ட அளவிலும் பிசகு இருக்கும். குறுக்கு அச்சை நெடு அச்சால் வகுத்து ஆர்க்சைன் எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நெடு அச்சு 52 மி.மீ., குறுக்கு அச்சு 13.5 மி.மீ. என்றால் 15 டிகிரி; 18 மி.மீ. என்றால் 20 டிகிரி. அதாவது கோட்டை 1 மி.மீ. தள்ளி வைத்தாலே ஒரு டிகிரிக்கு மேல் மாறிவிடும். நேர்ப்படத்தில் கப் முன்னால் திறந்திருக்கிறதா பின்னால் திறந்திருக்கிறதா என்பதும் தெரியாது. அதற்குப் பக்கவாட்டுப் படம் வேண்டும்.

கடைசியாக உண்மையான பிழை: பியூபிஸ் மேல் உள்ள கொழுப்பு. ஏ.எஸ்.ஐ.எஸ். தோலுக்கு அடியிலேயே கிடைக்கும். பியூபிஸ் மேல் பருமனான ஆளுக்கு 2, 3 செ.மீ. கூட இருக்கும். முனை எலும்பைத் தொடாமல் 10 மி.மீ. மேலே நின்றால் தளம் 6, 7 டிகிரி சாயும். ஆன்டிவெர்ஷனில் 4, 5 டிகிரி. இந்தப் பிழை எப்போதும் ஒரே திசையில்தான் வரும்: திரை குறைத்துக் காட்டும், கப் உண்மையில் கூடுதலாகத் திறந்திருக்கும். அதனால் முனையை நன்றாக அழுத்தி எலும்பு தட்டுப்படும் வரை போங்கள். பக்கவாட்டில் படுக்கவைத்துச் செய்கிறவர்கள் கீழ்ப்பக்க ஏ.எஸ்.ஐ.எஸ்.ஸைத் துணிக்கு மேலே குத்துமதிப்பாகத் தொடுவதையும் விடவேண்டும். மல்லாக்கப் படுக்கவைத்து, பின் போட்டு, ரெஜிஸ்ட்ரேஷனை முடித்துவிட்டுத் திருப்பிப் படுக்கவையுங்கள். கால்மணி நேரம் கூடும், போகட்டும்.


தேவனாம்பட்டினம்_ஓடி (கடலூர்):

டாக்டர் தளத்தைப் பத்திச் சொல்லிட்டார். நான் ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) பக்கம் சொல்றேன். திரை எண் ஆடறதுக்குப் பாதிக் காரணம் சாமான்.

பின்: ஏ.எஸ்.ஐ.எஸ்.லேர்ந்து 2.5, 3 செ.மீ. பின்னால, க்ரெஸ்ட் தடிச்சிருக்கிற இடத்துல போடுங்க. முனைக்கு ரொம்பப் பக்கத்துல போட்டா தொடையோட வெளிப்பக்க நரம்பு அடிபடும், எலும்பும் மெலிசு. ரெண்டு பின்னும் ரெண்டு கார்ட்டெக்ஸுக்கு (எலும்போட கெட்டி வெளிச்சுவர்) நடுவுல ஆழமா உட்காரணும். கையால ஆட்டிப் பாருங்க, ஒரு இழை அசைஞ்சாலும் எடுத்து வேற இடத்துல போடுங்க. அசிஸ்டென்ட் ரிட்ராக்டர் (சதையை விலக்கற கொக்கி) பிடிக்கிற கை டிராக்கர்ல இடிக்கறதுதான் தினசரி வில்லங்கம். ரெஜிஸ்ட்ரேஷன் முடிஞ்ச கையோட எலும்புல ஒரு செக்பாயின்ட் (சரிபார்க்கிற குறிப்புள்ளி) வெச்சு, கப்பைத் தட்டறதுக்கு முன்னால ஒரு தடவை, தட்டினப்புறம் ஒரு தடவை தொட்டுப் பாருங்க. 1 மி.மீ.க்கு மேல போச்சுன்னா அந்த எண்ணைக் குப்பையில போட்டுட்டுப் பழைய முறையில கண்ணால பாத்து முடிங்க. திரை மேல இருக்கிற மரியாதைக்காக தப்பான எண்ணைப் பிடிச்சுத் தொங்காதீங்க.

உருண்டை: பிரதிபலிக்கிற உருண்டையில ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் கேமரா அதோட மையத்தைத் தள்ளிக் கணக்குப் போடும். ‘டிராக்கர் தெரியல’ன்னு மிஷின் கத்தினா நல்லது, கத்தாம தப்பா காட்டறதுதான் ஆபத்து. ஈரத்துணியால துடைச்சாலும் மேல்பூச்சு கெடலாம். உதிரி உருண்டை செட் ஒண்ணு மேஜையில பிரிக்காம இருக்கணும்.

கேமரா: ஒன்றரைலேர்ந்து ரெண்டு மீட்டர் தூரம், தலைமாட்டுப் பக்கமோ கால்மாட்டுப் பக்கமோ, அசிஸ்டென்ட் முதுகு மறைக்காத இடம். வண்டியில வர்ற மிஷினுக்கு ரெண்டு விஷயம். ஏ.சி. வண்டியிலேர்ந்து நம்ம ஊர் கடல்காத்துல இறக்கினா லென்ஸ்ல பனி படியும், காயற வரைக்கும் தொடாதீங்க. அப்புறம் ஆன் பண்ணி சூடேறவிட்டுத்தான் ரெஜிஸ்ட்ரேஷன். ஈ.சி.ஆர். குலுக்கல்ல வந்த கேமராவை முதல்ல அதோட சோதனைக் கருவியை வெச்சுச் சரிபாருங்க. கடன் ட்ரே (கம்பெனி கேஸுக்கு அனுப்பற கருவித் தட்டு) முந்தின நாள் சாயங்காலமே வந்திருக்கணும். காலையில எட்டு மணிக்கு வர்ற ட்ரேயை அவசரத்துல ஆட்டோக்ளேவ் பண்ணினா பேக் ஈரத்தோட வரும், அது ஸ்டெரைல்னு சொல்லிக்கவே முடியாது.

கப்பு: எண்ணை எப்ப குறிச்சுக்கறீங்க? கடைசி அடிக்கு முன்னாலயா பின்னாலயா? கெட்டி எலும்புல கடைசி ரெண்டு அடியில கப் சில டிகிரி திரும்பும். ஸ்க்ரூ முறுக்கும்போதும் இழுக்கும். இம்பாக்டரை (கப்பைத் தட்டி இறக்கற கருவி) கழட்டி, ஸ்க்ரூ போட்டு முடிச்சு, கப் விளிம்புலயே புள்ளி தொட்டு வர்ற எண்தான் எண். ஏ.வி.என். ஆளுக்கு 52 கப்புன்னா 51 வரைக்கும் ரீம் பண்ணினா (குழியைக் குடைஞ்சா) போதும். 50ல நிறுத்தி 52ஐத் திணிச்சா ஒண்ணு கப் முழுசா உட்காராது, இல்ல விளிம்பு விரியும். சில கப்ல விளிம்பே எழுதியிருக்கிற அளவைவிடப் பெருசா செஞ்சிருப்பாங்க, அதைக் கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. நடு ஓட்டை வழியாப் பாருங்க, எலும்புக்கும் கப்புக்கும் நடுவுல இடைவெளி தெரியக்கூடாது.


வில்லியனூர்_மெக்கானிக்ஸ் (புதுச்சேரி):

இரண்டாவது கேள்வி வெறும் முக்கோணம்தான்.

ஹெட் நீளம் கழுத்தின் திசையில் கூடுகிறது. கழுத்துக்கும் தண்டுக்கும் 135 டிகிரி கோணம் உள்ள ஸ்டெம்மில் ஹெட்டை 4 மி.மீ. நீட்டினால் கால் நீளம் 2.8, ஆஃப்செட் 2.8 ஏறும். 127 டிகிரி ஸ்டெம்மில் அதே 4 மி.மீ. நீளத்தில் 2.4, ஆஃப்செட்டில் 3.2 ஆகும். ஆகவே ஹெட்டை மட்டும் மாற்றி ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைக்க வழியே இல்லை. இரண்டும் கைகோத்தே போகும்.

பிரிக்க வேண்டுமானால் ஸ்டெம்மையே மாற்ற வேண்டும். ஹை ஆஃப்செட் ஸ்டெம்மில் இரண்டு சாதி உண்டு. ஒன்றில் கழுத்து அப்படியே உட்பக்கம் தள்ளி நிற்கும். ஆஃப்செட் மட்டும் சுமார் 6, 7 மி.மீ. கூடும், நீளம் மாறாது. மற்றதில் கழுத்துக் கோணத்தைக் குறைத்திருப்பார்கள். அதில் நீளமும் கொஞ்சம் மாறும். கையில் இருப்பது எது என்று கேட்லாக்கில் பாருங்கள்.

உங்கள் எண்ணையே எடுத்துக்கொள்வோம்: +6, −5. இப்போது ட்ரையலில் +4 ஹெட், 135 டிகிரி ஸ்டெம் என்று வைத்துக்கொள்கிறேன். ஹெட்டை 0 ஆக்கினால் நீளம் +3.2, ஆஃப்செட் −7.8. அதோடு 7 மி.மீ. தள்ளி நிற்கும் ஹை ஆஃப்செட் ஸ்டெம்மை எடுத்தால் ஆஃப்செட் −0.8. முடிந்தது: +3, −1. மூட்டும் தளராது, காலும் நீளாது.

அந்த −5 எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். பெரும்பாலும் கப் பக்கத்தில் இருந்துதான். குழியின் அடித்தளம் வரை ரீமரை இறக்கினால் சுழற்சி மையம் 4, 5 மி.மீ. உள்ளே போய்விடும். கப்பை எலும்பு நன்றாக மூடும் என்பது உண்மை. ஆனால் உள்ளே போன ஒவ்வொரு மி.மீ.யும் தொடைப் பக்கத்திலிருந்து திருப்பித் தரவேண்டிய கடன். கெட்டி எலும்பு உள்ள ஏ.வி.என். ஆளுக்கு அவ்வளவு உள்ளே போகத் தேவையில்லை.

இன்னும் ஒரு இடத்தில் மி.மீ.கள் களவு போகும்: ப்ரோச் (ஸ்டெம்முக்கு இடம் குடையும் கருவி) நின்ற ஆழத்தில் ஸ்டெம் நிற்காது. மேல்பூச்சு உள்ள ஸ்டெம் 1, 2 மி.மீ. மேலேயே இறுகிவிடும். ஆகையால் ப்ரோச் மேல் போட்ட ட்ரையலோடு முடிவெடுத்து ஹெட் பாக்ஸைப் பிரிக்காதீர்கள். உண்மை ஸ்டெம் இறங்கியபின் அதன் மேல் பிளாஸ்டிக் ட்ரையல் ஹெட் வைத்து மறுபடி அளந்து, அப்புறம் பிரியுங்கள்.

நீளம் அளக்கும்போது கால் எந்த நிலையில் இருந்ததோ அதே நிலைக்குத் திரும்பி வரவேண்டும். மையத்திலிருந்து ட்ரோகான்டர் (தொடை எலும்பின் வெளிமுண்டு) புள்ளி சுமார் 50 மி.மீ. வெளியே இருக்கிறது. கால் 5 டிகிரி விரிந்து நின்றாலே அந்தப் புள்ளி 4 மி.மீ.க்கு மேல் மேலே போய்விடும். தொடையிலும் முழு டிராக்கர் இருந்தால் மென்பொருள் இதைத் திருத்திக்கொள்ளும். ட்ரோகான்டரில் ஒரு ஸ்க்ரூ மட்டும் வைத்து வேலை செய்கிற எளிய அமைப்பு திருத்தாது. மூட்டைக் கழற்றுவதற்கு முன் எடுத்த நிலையையே நீங்கள் கையால் கொண்டுவர வேண்டும்.


முத்தியால்பேட்டை_ஆர்த்தோ (புதுச்சேரி):

மூன்றாவது கேள்வி. சுருக்கமாக: சாதாரணக் கேஸுக்கு மாடுலர் கழுத்து வேண்டாம்.

யோசனை கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஸ்டெம் எலும்பு சொன்ன திசையில் உட்காரட்டும், கழுத்தைத் திருப்பி ஆன்டிவெர்ஷனைச் சரிசெய்வோம், நேவிகேஷன் எவ்வளவு திருப்புவது என்று சொல்லிவிடும். ஆனால் கழுத்து ஸ்டெம்மில் நுழையும் இடம் ஒவ்வொரு அடியிலும் வளையும் இடம். அங்கே நுண்ணிய அசைவு, உராய்வு, அரிப்பு. டைட்டானியம் ஸ்டெம்மில் கோபால்ட் குரோம் கழுத்தை மாட்டினால் இரண்டு உலோகத்துக்கும் இடையே அரிப்பு ஏறி, சுற்றியுள்ள சதை செத்துப்போகும். கழுத்தையும் டைட்டானியத்தில் செய்தால் அரிப்பு குறையும். ஆனால் பருமனான ஆளிடம் அத்தகைய நீளக் கழுத்து முறிந்த கேஸ்கள் பதிவாகியிருக்கின்றன. ஸ்ட்ரைக்கரின் ரிஜுவனேட், ஏ.பி.ஜி. 2 மாடுலர் கழுத்து ஸ்டெம்கள் 2012 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது இந்த இணைப்பில் ஏற்பட்ட அரிப்புக்காகத்தான். அதற்கப்புறமும் இதைச் சாதாரணக் கேஸுக்கு விற்க வருகிறவரிடம் டீ குடித்துவிட்டு அனுப்பிவிடலாம்.

மாடுலர் என்றாலே ஒதுக்கவேண்டும் என்று சொல்லவில்லை. பிறவியிலேயே குழி சரியாக வளராத இடுப்பில் தொடை எலும்பு 40, 50 டிகிரி முன்னால் முறுக்கியிருக்கும். அங்கே ஸ்லீவும் தண்டும் தனித்தனியாக உள்ள எஸ்-ரோம் போன்ற ஸ்டெம்மின் அருமை தெரியும். ஸ்லீவ் எலும்பின் போக்கில் உட்காரும். தண்டை வேண்டிய கோணத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம். ரிவிஷனில் (பழைய மூட்டை எடுத்து மறுபடி மாற்றும் அறுவை) நீளத் தண்டும் மேல் பாகமும் தனியாக உள்ளதும் அப்படித்தான். மேல் பாகத்துக்கு எலும்புத் தாங்கல் இல்லாவிட்டால் அந்த இணைப்பு முறியும், டார்க் ரென்ச் (முறுக்கு விசையை அளக்கும் சாவி) சொன்ன அளவுக்குப் போல்ட்டை முறுக்காவிட்டால் கழன்றும் வரும்.

ஏ.வி.என். ஆளுக்கு நேவிகேஷன் தரும் உண்மையான லாபம் வேறு. முதலில் தொடையைத் தயார் செய்யுங்கள், கப் அப்புறம். சிமென்ட் இல்லாத ஸ்டெம் எந்த ஆன்டிவெர்ஷனில் நிற்கும் என்பதை எலும்புதான் தீர்மானிக்கிறது. 5 டிகிரியாகவும் இருக்கும், 25 ஆகவும் இருக்கும். ப்ரோச் இறங்கியதும் அதை டிராக்கரில் படித்துவிட்டு, அதற்கேற்ற கப்பைப் போடுங்கள். ஆய்வாளர் விட்மரின் கணக்கு: கப் ஆன்டிவெர்ஷன் + 0.7 × ஸ்டெம் ஆன்டிவெர்ஷன் = 37. ஸ்டெம் 15 என்றால் கப் 26 அல்லது 27. ஸ்டெம் 25 என்றால் கப் 19, 20. ஸ்டெம் 5 என்றால் கணக்கு 33, 34 கேட்கும். அவ்வளவு திறந்தால் முன்னால் நழுவும் ஆபத்து உண்டு, அங்கே சமரசம்தான். இதைச் செய்தால் கழுத்தைத் திருப்பவேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது.

லெவினெக் 1978இல் சொன்ன 40±10, 15±10 என்ற பாதுகாப்புப் பெட்டிக்குள் கப் விழுந்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். மேயோ கிளினிக் 2016இல் வெளியிட்ட ஆய்வில் நழுவிய இடுப்புகளில் 58% அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன.


தேவனாம்பட்டினம்_ஓடி (கடலூர்):

டாக்டர் கழுத்து இணைப்பைச் சொன்னார். ஆனா ஹெட்டும் ஸ்டெம்மும் சேர்ற டேப்பரும் (கூம்பு இணைப்பு) அதே மாதிரி ஒரு இணைப்புதானே? அது எல்லாக் கேஸ்லயும் இருக்கு. அதைத் திரையில எந்த மென்பொருளும் காட்டாது. அதனால கொஞ்சம் விரிவா.

டேப்பர் ‘12/14’னு எழுதியிருந்தா எல்லாம் ஒண்ணுன்னு நினைக்காதீங்க. முனையில 12, அடியில 14 மி.மீ. விட்டம்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம். கோணம் 5.7 டிகிரி சுமாருக்கு இருக்கும். அதுல கம்பெனிக்குக் கம்பெனி சின்ன வித்தியாசம், நீளம் வேற, மேல இருக்கிற வரிப்பள்ளம் வேற. ஒரு கம்பெனி ஸ்டெம்ல இன்னொரு கம்பெனி ஹெட்டை மாட்டறது, ‘சும்மா நல்லாத்தானே உட்காருது’ன்னு சொன்னாலும், கூடவே கூடாது.

ஹெட் மாட்டறதுக்கு முன்னால டேப்பரைக் கழுவி, காஞ்ச துணியால துடைச்சு, கண்ணால பாருங்க. ரத்தம், கொழுப்பு, எலும்புத்தூள் ஒண்ணும் இருக்கக்கூடாது. ஈரம் இருந்தா பிடிமானம் குறையும், அசைவு வரும், அசைவு வந்தா அரிப்பு. ஹெட்டை நேரா வெச்சு லேசாத் திருகி, பிளாஸ்டிக் முனை இம்பாக்டரை டேப்பர் அச்சுக்கு நேரா வெச்சு, கெட்டியா ஒரு அடி. பூப்போல நாலு தட்டு தட்டறது ஒண்ணுக்கும் உதவாது; டேப்பரோட பிடி எவ்வளவு பலமா அடிச்சோமோ அவ்வளவுதான், சோதனைச்சாலைகள்ல 4 கிலோநியூட்டன் கிட்ட அடிச்சுப் பார்க்கறாங்க. சாய்வா அடிச்சா ஒரு பக்கம்தான் பிடிக்கும். கால் தொங்கிக்கிட்டு இருக்கும்போது அடிச்சா பலம் காத்துல போகும், முட்டியை அசிஸ்டென்ட் தாங்கிப் பிடிக்கணும்.

உண்மை ஸ்டெம் இறங்கினதும் டேப்பர் மேல மூடி போட்டுடுங்க. ரிட்ராக்டர் உரசக்கூடாது. டயதர்மி (மின்சாரத்தால ரத்தக்குழாயைச் சுடற கருவி) முனை டைட்டானியம் கழுத்துல பட்டு ஒரு சின்னக் கரும்புள்ளி விழுந்தா பின்னால முறிவு அங்கேர்ந்து ஆரம்பிக்கும். செராமிக் ஹெட்டை ஒரு தடவை மாட்டிக் கழட்டின டேப்பர்ல இன்னொரு சாதா செராமிக் ஹெட் போடக்கூடாது, டைட்டானியம் ஸ்லீவோட வர்ற ஹெட்தான். அதனாலதான் வில்லியனூர் அண்ணன் சொன்ன மாதிரி பிளாஸ்டிக் ட்ரையலோட முடிவெடுக்கணும்.

ரொம்ப நீளமான பிளஸ் ஹெட் சிலதுல அடியில பாவாடை மாதிரி ஒரு வளையம் வரும். அது லைனர் விளிம்புல சீக்கிரமே இடிக்கும். அந்த அளவு வேணும்னு தோணினா ஸ்டெம் தேர்வுலதான் கோளாறு.

இன்னொரு இணைப்பு லைனர். நம்ம ஊர் ஆளுங்களுக்கு 46, 48 கப் சகஜம். அதுல 36 ஹெட் போட நினைச்சா பாலிஎத்திலீன் மெலிஞ்சுடும். 28 அல்லது 32தான். டூயல் மொபிலிட்டி (ஹெட்டும் அதைச் சுத்தின உறையும் ரெண்டும் அசையற வகை) மாடுலரா வந்தா உள்ளே கோபால்ட் குரோம் லைனர் இருக்கும், அது ஒரு பக்கம் சரியா உட்காராம தூக்கி நிக்கறது நடக்கும். சுத்தி விரலை விட்டுத் தடவிப் பாருங்க, அப்புறம்தான் மூட்டைச் சேருங்க.


கெடிலக்கரை (கடலூர்):

எல்லாருக்கும் நன்றி. இம்பாக்டர் கையில இருக்கும்போதுதான் எண்ணைக் குறிச்சுக்கிட்டிருக்கோம், ஸ்க்ரூவுக்கு முன்னால. அது தப்புன்னு புரியுது. மென்பொருள் அமைப்பையும் பார்த்தேன், எக்ஸ்ரே வரையறைதான்.

இன்னும் ரெண்டு. பண்ருட்டி பக்கத்துல முந்திரிக்கொட்டை உடைக்கிறவங்க, களை எடுக்கிறவங்க நிறைய வர்றாங்க. தரையில சம்மணம் போட்டு உட்காரணும், குந்தி உட்காரணும். மென்பொருள்ல மோதல் சோதனை (கழுத்து லைனர் விளிம்புல இடிக்குதான்னு பார்க்கறது) நாற்காலியை வெச்சே இருக்கு. அப்புறம், சி.டி. வெச்சுத் திட்டம் போடலாம்னு ஆரம்பிச்சா ஸ்கேன் சென்டர்லேர்ந்து ஃபிலிமும் வாட்ஸ்அப் போட்டோவும்தான் வருது.


அரியாங்குப்பம்_பிசியோ (புதுச்சேரி):

சம்மணமும் குந்தலும் வேறு வேறு ஆபத்து. இரண்டையும் சேர்த்து ‘தரையில் உட்காராதே’ என்று எழுதிக்கொடுப்பதால்தான் யாரும் கேட்பதில்லை.

குந்தி உட்காரும்போது தொடை 120 டிகிரிக்கு மேல் மடங்கும். கழுத்து லைனரின் முன்விளிம்பில் மோதி, ஹெட் பின்னால் நெம்பப்படும். அதோடு முட்டி உள்ளே சாய்ந்து பாதம் வெளியே திரும்பினால் நழுவ வழி திறந்தாயிற்று. சம்மணத்தில் தொடை மடங்கி, விரிந்து, வெளிப்பக்கம் திரும்புகிறது. பின்பக்கமாகத் திறந்து செய்த அறுவைக்கு இது குந்தலை விடப் பாதுகாப்பு. ஆனால் கப் ரொம்ப முன்னால் திறந்திருந்தால் கழுத்து பின்விளிம்பில் மோதி ஹெட் முன்னால் நகரப் பார்க்கும். லைனரில் உயர்த்திய விளிம்பு போட்டு அதைத் தப்பான மணிநிலையில் (விளிம்பில் தப்பான பக்கத்தில்) வைத்தால் இந்த மோதல் இன்னும் சீக்கிரம் வரும்.

எல்லாவற்றுக்கும் மேலே முதுகு. நின்ற நிலையிலிருந்து உட்காரும்போது இடுப்பு சுமார் 20 டிகிரி பின்னால் உருளும். கப் தானாகவே திறந்து தொடைக்கு வழிவிடும். முதுகு இறுகினவருக்கு இது நடக்காது, முழு மடக்கலும் மூட்டிலேயே விழும். பக்கவாட்டில் இரண்டு எக்ஸ்ரே எடுங்கள், நின்று ஒன்று, உட்கார்ந்து ஒன்று. சேக்ரத்தின் மேல்தளம் தரைக்கோட்டோடு செய்யும் கோணத்தை இரண்டிலும் அளங்கள். வித்தியாசம் 10 டிகிரிக்குக் கீழே என்றால் இறுகின முதுகு. அவருக்குக் கப்பை வழக்கத்தைவிட 5 டிகிரி கூடுதலாகத் திறப்பது, அல்லது டூயல் மொபிலிட்டி. ஆனால் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸில் (முதுகெலும்புகள் ஒட்டி இறுகும் நோய்) இடுப்பு பின்சாய்வாகவே உறைந்துபோன ஆளுக்கு இதைச் செய்தால் கெட்டது: நிற்கும்போதே கப் வாய் திறந்து நிற்கும், முன்னால் நழுவும். அவருக்கு ஆன்டிவெர்ஷனையும் இன்க்ளினேஷனையும் குறைக்கவேண்டும். இறுகின முதுகு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு எதிர் வைத்தியம் இருக்கிறது.

மென்பொருளில் குந்தல் இல்லாவிட்டால் கையால் கொடுக்க முடியும்: மடக்கல் 120, உள்திருப்பல் 10 என்று ஒரு நிலை, மடக்கல் 95, விரிப்பு 40, வெளித்திருப்பல் 45 என்று இன்னொரு நிலை. இரண்டிலும் மோதல் எத்தனை டிகிரி தள்ளி வருகிறது என்று பாருங்கள். ஓ.டி.யில் ட்ரையலோடும் இதே இரண்டு நிலைக்கும் காலைக் கொண்டுபோய்ப் பார்க்கவேண்டும். குந்தலில் மோதல் நெருங்கினால் நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: வீட்டில் மேற்கத்தியக் கழிப்பறை, வேலைக்கு உயரமான முக்காலி. முந்திரி உடைக்கிறவருக்குச் சம்மணம் தேவை, குந்தல் தேவையில்லை. களை எடுக்கிறவருக்கு நிலைமை வேறு.


முத்தியால்பேட்டை_ஆர்த்தோ (புதுச்சேரி):

சி.டி. பற்றி. ஸ்கேன் சென்டரைக் குறை சொல்லிப் பயனில்லை, ‘இடுப்பு சி.டி.’ என்று எழுதினால் அவர்கள் லெஸ்ஸர் ட்ரோகான்டரோடு (தொடை எலும்பின் உட்பக்கச் சிறுமுண்டு) நிறுத்துவார்கள். முழங்கால் இல்லாவிட்டால் தொடை எலும்பின் முறுக்கை அளக்க முடியாது. பாதித் திட்டம் போய்விடும். சீட்டில் இப்படி எழுதுங்கள்:

‘இலியாக் க்ரெஸ்ட் முதல் தொடை எலும்பின் கீழ்முனை முழுசாக வரும்வரை. மல்லாக்க, கால்கள் இணையாக, நடுவில் அசையாமல். இடுப்பில் 1 மி.மீ. ஸ்லைஸ். இடுப்பும் முழங்காலும் ஒரே படுக்கையில், நடுவில் நோயாளியை இறக்காமல். ஃபிலிம் வேண்டாம், டைகாம் கோப்புகள் (ஸ்கேனின் மூல டிஜிட்டல் கோப்புகள்) குறுந்தட்டில் அல்லது பென் டிரைவில்.’

எக்ஸ்ரேயில் திட்டம் போடுவதென்றால் இவ்வளவு வேண்டாம். கால்களை 15 டிகிரி உள்ளே திருப்பி முழு இடுப்புப் படம், ட்ரோகான்டர் உயரத்தில் அளவு தெரிந்த உருண்டை. உருண்டை இல்லாத இடத்தில் பத்து ரூபாய் நாணயம் போதும், விட்டம் 27 மி.மீ. கால்களுக்கு நடுவே, ட்ரோகான்டர் உயரத்தில், பஞ்சு வைத்து நிறுத்துங்கள். மேஜையில் கிடத்தினால் பெரிதாக்கம் குறைத்துக் கணக்காகும். சாய்ந்து விழுந்து நீள்வட்டமாகத் தெரிந்தால் அதன் நீளமான விட்டத்தை மட்டும் எடுங்கள். படத்தில் 32.4 வந்தால் பெரிதாக்கம் 1.2.

காலைத் திருப்ப முடியாத ஆளுக்கு வலியில்லாத பக்கத்தை வைத்து ஆஃப்செட்டைப் பாருங்கள். வலியுள்ள பக்கம் வெளியே திரும்பியே கிடக்கும், ஆஃப்செட் குறைந்து தெரியும். அதை நம்பிச் சின்ன ஆஃப்செட் ஸ்டெம் ட்ரேயை மட்டும் வரவழைத்துவிட்டு, மேஜையில் உங்கள் −5 வந்து நிற்கும்.


கெடிலக்கரை (கடலூர்):

ஹை ஆஃப்செட் ட்ரேயும் சேர்த்தே கேட்டாச்சு சார். அடுத்த கேஸுக்கு முந்தின நாளே வருது.